தோட்ட ஆபீசில் 14 மாதம் ஏஐ: எடுக்கலாமா என்று கேட்ட தோழிக்கு

பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக (ஆபீஸ் குமாஸ்தாவாக) இருக்கும் தோழி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள். "எங்க மேனேஜரும் ஏஐ எடுக்கலாம்னு சொல்றாரு, நீ ஒரு வருசத்துக்கு மேல வெச்சிருக்கியே, எடுக்கலாமா?" ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்ட ஆபீஸ். செக்ரோல் (தொழிலாளர் பெயர், வருகைப் பதிவேடு), சம்பளம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), கடிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். செயலிக்கு மாதம் 90 ரிங்கிட் சொச்சம், தோட்டம் கட்டுகிறது. எந்தச் செயலி என்பது முக்கியமில்லை.

மலாய்க் கடிதத்துக்கு இதைப்போல ஒரு துணை எனக்குக் கிடைத்ததே இல்லை. கடையிலும் பஸ்ஸிலும் பேசுகிற மலாய் வேறு, தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுகிற மலாய் வேறு. முன்பெல்லாம் பழைய ஃபைலைப் புரட்டி, அதிலிருந்து ஒரு வாக்கியம் இதிலிருந்து ஒரு வாக்கியம் என்று ஒட்டுப்போட்டு எழுதுவேன். இப்போது விஷயத்தைத் தமிழிலேயே தட்டினால் போதும், சுத்தமான மலாயில் வந்துவிடுகிறது. இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. குலை வெட்டும் அலுமினியக் கழியை மின்கம்பிக்குக் கீழே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று எத்தனையோ வருடமாக மலாயில் நோட்டீஸ் ஒட்டுகிறோம். போன மழைக்காலத்தில் அதையே வங்காளதேசத்துப் பிள்ளைகளின் மொழியில் எழுதித் தரச் சொல்லி ஒட்டினேன். ஒரு பையன் நின்று சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஒரு நோட்டீசுக்காகவே வருடச் சந்தா தகும் என்று அப்போது சொன்னேன், இப்போதும் சொல்வேன்.

சட்டம் மட்டும் அதனிடம் கேட்காதே. பிரசவ விடுப்பு 60 நாள் என்று அழகான நோட்டீஸ் ஒன்று எழுதித் தந்தது. 2023 ஜனவரி 1 முதல் 98 நாள். வார வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 ஆனது அதே நாளில்தான். என் தங்கை 98 நாள் எடுத்ததால் எனக்குத் தெரிந்தது. தெரியாதவர் அப்படியே ஒட்டியிருந்தால் ஒரு பெண்ணுக்கு 38 நாள் போயிருக்கும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். பெயர். நம் ஆட்கள் பெயரில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதற்குப் பிறகு வருவது அப்பா பெயர், இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதற்குத் தெரியாது. கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'என்சிக்' (ஆண்களுக்குப் போடும் 'திரு') போட்டு அப்பாவை அழைக்கிறது. களை எடுக்கும் அக்காவுக்கும் 'என்சிக்' போட்டு அவர் அப்பா பெயர். திருத்தினால் மன்னிப்புக் கேட்கும், அந்தக் கடிதத்தில் சரிசெய்யும், மறுநாள் புதிதாக ஆரம்பித்தால் மறுபடியும் அதேதான். 14 மாதமாக இதே கதை.

நாலு மாதத்துக்கு முன்னால் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் மூன்று நாள் வரவில்லை. தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் லீவும் இல்லாமல், தகுந்த காரணமும் இல்லாமல், தகவலும் இல்லாமல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகக் கொள்ளலாம் என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. காரணம் கேட்டுக் கடிதம் போடச் சொன்னார் மேனேஜர். தட்டினேன், அரை நிமிடத்தில் வந்தது, வக்கீல் எழுதின மாதிரி. மேனேஜர் கையெழுத்துப் போட்டார், கடிதம் போய்விட்டது. மறுநாள் அந்த அண்ணன் கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அப்பா பேருக்கு வார்னிங் அனுப்பியிருக்கீங்களேம்மா, அவர் செத்து ஏழு வருசம் ஆச்சு" என்றார். மனைவியை ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார், மண்டோரிடம் (மேஸ்திரியிடம்) சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மண்டோர் எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார்.

பெயரைப் பார்க்காமல் விட்டது என் தப்பு, அவரிடமே மன்னிப்புக் கேட்டேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. முன்பு இப்படி ஒரு கடிதம் எழுத எனக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் மண்டோருக்குப் போன் அடிப்பேன், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பக்கம் போகிறவர்களிடம் விசாரிப்பேன், பாதிக் கடிதங்கள் எழுதாமலே நின்றுபோகும். இப்போது யாரையும் கேட்க நேரமே வருவதில்லை, அதற்குள் கடிதம் பிரிண்டரில் விழுந்துவிடுகிறது. ஒருவர் வேலையைத் தொடும் கடிதம் இவ்வளவு சுலபமாக வரக் கூடாது. அந்த அண்ணன் இன்றும் சம்பளச் சீட்டு வாங்க வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்புறம் ஐசி (அடையாள அட்டை) நம்பர். முதல் மூன்று மாதம் செக்ரோலை அப்படியே உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன், பெயர், ஐசி, வங்கிக் கணக்கு எல்லாவற்றோடும். ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. ஒரு மனுஷனின் பாதி விவரம் அதிலேயே இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-லேயே வந்தாயிற்று. ஆனால் எங்கள் ஆபீசில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, தொழிலாளர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. இப்போது பெயரை எடுத்துவிட்டு 1, 2, 3 என்று போட்டுத்தான் கொடுக்கிறேன். முன்பு கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

அதனால் என்னைக் கேட்டால் எடுக்காதே. எங்கள் சந்தா அடுத்த வருடத்துக்கும் புதுப்பித்தாயிற்று, நானும் நிறுத்தச் சொல்லவில்லை, மலாய்க் கடிதத்துக்கு வேறு வழி எனக்கு இல்லை. இருந்தும் எடுக்காதே என்றுதான் சொல்வேன், அந்த அண்ணன் வாசலில் நின்றது மனதை விட்டுப் போகவில்லை. உங்கள் மேனேஜர் எடுத்தே தீருவேன் என்றால், காரணம் கேட்கும் கடிதத்தை நீயே கையால் எழுது, பெயரையும் நீயே அடி. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மற்றதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, காட்டுகிறேன்.