கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, ரோடும் சுமார்தான்: ஒரு சாதாரண கேம்ப்கிரவுண்ட் ரிவ்யூ

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பேரு போடல, போட்டா கூட்டம் வந்துரும். ஊருக்கு வெளிய வயலோரம் காட்டோரம் இருக்குற பேசிக் கேம்ப்கிரவுண்ட் எல்லாம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அதனால பேரு தெரியாட்டியும் இது உதவும்னு நினைக்கிறேன்.

என்ன இருக்குன்னா, புல்லு வெட்டி விட்ட தரை, ஒவ்வொரு சைட்டுக்கும் (அதாவது டென்ட் அடிக்க ஒதுக்குன இடத்துக்கு) ஒரு மர டேபிள், நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு தண்ணி பைப்பு, கொஞ்சம் தள்ளி குழி டாய்லெட். அவ்ளோதான். ஷவர் கிடையாது, ப்ளக் பாயிண்ட் கிடையாது, போன் டவர் எடுக்காது, கடைசி கொஞ்ச தூரம் ரோடுன்னு சொல்லவே முடியாது வெறும் ஜல்லியும் பள்ளமும்தான். ஆன்லைன்ல ஒரு ஸ்டார் போட்டவங்க எழுதுன குறை எல்லாமே இதுதான். எனக்கு என்ன தோணுதுன்னா இந்த இடம் அமைதியா இருக்குறதே அந்தக் குறைகளாலதான். ரோடு மோசம்ங்கறதால பெரிய கேரவன் வண்டிங்க இந்தப் பக்கம் திரும்பறதில்ல, சிக்னல் இல்லாததால பக்கத்து டென்ட்ல வீடியோவ சத்தமா ஓட விடுறவங்களும் இல்ல.

ஆனா கரண்ட் இல்லன்னாலே அமைதின்னு நம்பி புக் பண்ணிடாதீங்க. சில பேர் ஜெனரேட்டரையே தூக்கிட்டு வந்துருவாங்க, அது ராத்திரி வரைக்கும் டப டபன்னு ஓடுச்சுன்னா ப்ளக் பாயிண்ட் இருக்குற இடமே தேவலாம்னு ஆயிரும். நிறைய இடத்துல ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுன்னு ரூல் இருக்கும், பகல்ல ஜெனரேட்டர் ஓடலாமாங்கறத தனியா கேட்டுக்கணும். இங்க சுத்தமா தடை. அதுக்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

டாய்லெட் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, இங்க அது நல்லாவே இருந்துச்சு. கூரைக்கு மேல ஒரு உயரமான பைப்பு போகும் பாருங்க, மேல காத்து அடிக்கறப்போ அது குழியில இருக்குற நாத்தத்த உறிஞ்சி வெளிய தள்ளிரும், பைப்பு உச்சியில வலை கட்டியிருப்பாங்க, குழிக்குள்ள இருக்குற ஈ வெளிச்சத்தப் பாத்து மேல போய் அந்த வலையில மாட்டிக்கும். இதே ஐடியாவுலதான் 1970கள்ல ஜிம்பாப்வேல கிராமத்து டாய்லெட் டிசைன் பண்ணாங்க. உள்ள இருட்டா இருந்தாதான் இது வேலை செய்யும், அதனால கதவத் திறந்து போட்டுட்டு வராதீங்க. பேப்பரும் கை கழுவ தண்ணியும் நீங்களே கொண்டு போறது நல்லது.

இனி முக்கியமான விஷயம், சைட் எது எடுக்கறது. எல்லாரும் ஓடிப்போய் ஓடைக்குப் பக்கத்துல பள்ளமான இடத்தப் புடிப்பாங்க, போட்டோவுக்கு அழகு, தூங்கறதுக்கு அது சரிப்படாது. குளிர்ந்த காத்து கனம், ராத்திரி அது சரிவுல எறங்கி பள்ளத்துலதான் தேங்கும், தண்ணி பக்கத்துல ஈரமும் சேர்ந்தா காலையில டென்ட் உள்பக்கமே சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும், மழை பெஞ்சு ஒழுகிருச்சுன்னு சிலர் டென்ட் கம்பெனிய திட்டுவாங்க, பாதி நேரம் அது நாம விட்ட மூச்சு துணியில பட்டு தண்ணியா மாறுனதுதான். கொஞ்சம் மேடான சைட்டா எடுத்து, குளிருதேன்னு ஜன்னல எல்லாம் மூடாம மேல காத்து போக இருக்குற வென்ட்ட திறந்து வைங்க. அப்புறம் டென்ட் அடிக்கறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க, காஞ்சு தொங்குற கிளை இருந்தா அந்த மரம் எவ்ளோ நிழல் கொடுத்தாலும் வேண்டாம்.

குளிர் மேல இருந்து வர்றத விட கீழ இருந்துதான் அதிகம் ஏறும். ஸ்லீப்பிங் பேக்ல நம்ம உடம்புக்கு அடியில இருக்குற பஞ்சு நசுங்கிரும், நசுங்குன பஞ்சுல காத்து நிக்காது, காத்து நிக்கலன்னா சூடும் நிக்காது. அதனால காசு போடுறதா இருந்தா முதல்ல அடியில விரிக்கற ஸ்லீப்பிங் மேட்டுக்கு போடுங்க, அதுல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், சூடு தரைக்கு எறங்காம எவ்ளோ தடுக்குதுங்கற கணக்கு அது, கூட இருந்தா நல்லது, ரெண்டு மேட்ட ஒன்னு மேல ஒன்னு போட்டா ரெண்டு நம்பரும் கூடிக்கும். ஸ்லீப்பிங் பேக் வாங்கறப்போ கம்ஃபர்ட்னு போட்டிருக்குற டெம்பரேச்சரத்தான் பாக்கணும், எக்ஸ்ட்ரீம்னு போட்டிருக்குறது உயிர் பொழைக்கற கணக்கு, தூங்கற கணக்கு இல்ல. எவ்ளோ குளிருனாலும் சரி அடுப்பையோ கரியையோ மட்டும் டென்ட்டுக்குள்ள கொண்டு போயிராதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும்.

ராத்திரி வானம் அட்டகாசம். கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், நடுவுல யாராவது வெள்ள டார்ச்ச மூஞ்சியில அடிச்சா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதனால சிவப்பு லைட் மோடு இருக்குற ஹெட்லேம்ப் எடுத்துட்டுப் போங்க.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம் தண்ணி பைப்பு. அந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா கொதிக்க வைக்கணுமான்னு எங்கயும் ஒரு போர்டு கிடையாது, கேக்க ஆளும் கிடையாது. அப்படி இருந்தா கொதிக்க வச்சே குடிங்க, நல்லா தளதளன்னு கொதிச்சதுக்கப்புறம் 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல இருக்குற மலைன்னா 3 நிமிஷம். அதுபோக பைப்ப ஒட்டியே ஒரு சைட்ட போட்டு வச்சிருக்காங்க, இருக்குறதுலயே சமமான தரை அதுதான், ஆனா குடத்தோட ஆள் வந்துக்கிட்டே இருப்பாங்க.

குழந்தைங்களோட போகலாமான்னா தாராளமா போகலாம், போன் இல்லாம முதல் சாயங்காலம் கொஞ்சம் சிணுங்கும், அப்புறம் நெருப்புக்குக் குச்சி பொறுக்கறதுல மறந்துரும். அந்த நெருப்ப படுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்தி, கிளறி, திரும்ப ஊத்தி, புறங்கைய கிட்ட வச்சா சூடே தெரியாத அளவுக்கு அணைக்கணும், மண்ண மட்டும் போட்டு மூடுனா அடியில கங்கு உயிரோட இருக்கும். முட்டி வலி இருக்குற பெரியவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா மட்டும் யோசிங்க, ராத்திரி டாய்லெட்டுக்கு இருட்டுல நடக்கணும், வழியில வேரு தட்டும்.

குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டு போனத நாமதான் திரும்ப எடுத்துட்டு வரணும். கவர் ரெண்டா வச்சுக்கோங்க, ஒன்னு நம்ம குப்பைக்கு, இன்னொன்னு நமக்கு முன்னாடி வந்த புண்ணியவான் விட்டுட்டுப் போனதுக்கு.