செட்வொர்த் ரோமானிய மாளிகை: மர மாதிரித் தொகுப்பு பற்றிய மதிப்புரை

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்துக்காக உதகை சேரிங் கிராஸ் அருகே ஒரு பொம்மைக் கடையில் இந்தத் தொகுப்பை வாங்கினோம். இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளில் உள்ள செட்வொர்த் ரோமானியப் பண்ணை மாளிகையை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். விலை இரண்டாயிரம் ரூபாயை நெருங்கினாலும், வரலாறு கற்பிப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இதன் சிறப்பு, மாளிகை காலவரிசைப்படி வளர்வதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனித்தனிக் கட்டடங்களாகத் தொடங்கியது, 4ஆம் நூற்றாண்டில் நடைகூடங்களால் இணைந்து, குளியலறைகளும் மொசைக் தரைகளும் கொண்ட பெருமாளிகையானதை மாணவர்கள் தாங்களே பலகை பலகையாகப் பொருத்தி அறிகிறார்கள்.

சாப்பாட்டறையின் தரைப்பலகையைத் தூக்கினால், அடியில் விரற்கடை உயரத்தில் வரிசையாகச் சிறு தூண்கள் நிற்கின்றன. வெளியே எரியும் உலையின் வெப்பக்காற்று அந்தத் தூண்களுக்கு இடையே பரவி, சுவருக்குள் பதித்த குழாய் ஓடுகள் வழியாக மேலேறியதால், புகை உள்ளே வராமலே அறை சூடானது. மூடிய அறையில் கரியடுப்பு வைக்காதீர்கள் என்று உறைபனிக் காலந்தோறும் எச்சரிக்க வேண்டியிருக்கும் ஊரில், இந்த ஒரு பகுதிக்கே வகுப்பு நேரம் முழுவதும் போயிற்று. போனதில் எனக்கு மகிழ்ச்சியே.

கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. 1864இல் மாளிகை கண்டுபிடிக்கப்பட்டதையும், 1924இல் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதை ஏற்றதையும் சரியாகச் சொல்கிறது. ஆனால் கி.பி. 410 அளவில் ரோமானிய ஆட்சி விலகியதோடு எல்லாம் முடிந்தது என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது. அங்குள்ள மொசைக் தரை ஒன்று 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதிக்கப்பட்டது என்று, பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் கதிரியக்கக் கார்பன் ஆய்வின் துணையுடன் 2020இல் அறிவித்துவிட்டார்கள். ஆட்சி போன பிறகும் யாரோ அங்கே புதுத்தரை போடும் வசதியோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, பண்ணையே இல்லாத பண்ணை மாளிகையாக இது இருப்பது. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "வேலை செஞ்சவங்க எங்க சார் இருந்தாங்க?" என்று கேட்டாள். தொழுவம், களஞ்சியம், உலைக்கு விறகு போட்ட அடிமைகள் என எதுவும் தொகுப்பில் இல்லை. அட்டையில் நாங்களே வெட்டிச் சேர்த்தோம்.

மொசைக் தாள்களின் பசை ஜூலை மாத ஈரத்தில் பெயர்கிறது. மரப்பசையால் மறுபடி ஒட்டிவிடுங்கள்.