நியூசிலாந்து: ஒற்றை ஓட்டா, இரட்டை ஓட்டா?

பழைய முறையில் ஒரே ஓட்டு. தொகுதியில் முந்தியவர் எம்.பி. எண்ணுவது சுலபம். ஆனால் 1981-இல் 20.7% ஓட்டு வாங்கிய சோஷியல் கிரெடிட் கட்சிக்குக் கிடைத்தது 2 இடம்தான். பெரிய கட்சிகளில் லேபர் கட்சிக்கு ஓட்டு அதிகம், ஆட்சி நேஷனல் கட்சிக்கு. (1978-லும் இதே கூத்து.) 1993 பொதுவாக்கெடுப்பில் 53.9% பேர் கலப்பு விகிதாசாரத்துக்கு மாறச் சொன்னார்கள்.

இந்தக் கலப்பு முறையில் இரண்டு ஓட்டு: வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. மொத்த இடங்களைத் தீர்மானிப்பது கட்சி ஓட்டுதான்; தொகுதியில் ஜெயித்தது போக மீதி, கட்சிப் பட்டியலிலிருந்து நிரம்பும். கோளாறு நுழைவு வரம்பில்: பட்டியல் இடம் பெற ஒரு கட்சிக்கு 5% கட்சி ஓட்டு அல்லது ஒரு தொகுதி வெற்றி வேண்டும். 2008-இல் 4.07% வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்ட்டுக்குப் பூஜ்யம், 3.65% வாங்கிய ஆக்ட் கட்சிக்கோ, எப்சம் தொகுதியை வென்றதால், 5 இடம். அநியாயம்தான். ஆனாலும் 2011-இல் 57.8% பேர் இதுவே இருக்கட்டும் என்றார்கள். வரம்பை 4% ஆக்கி, ஒரு தொகுதிச் சலுகையை எடுத்துவிடச் சொன்னது 2012-இல் தேர்தல் ஆணையம். அரசு அதை நிறைவேற்றவில்லை.