சாலையோரப் புற்றுக்காளான்: வாங்கலாமா?

ருசிக்கு முழு மதிப்பெண். சிப்பிக்காளான் இதன் பக்கத்தில் நிற்காது. மழைக்குப்பின் சில நாள்தான் கிடைக்கும். நச்சுக்காளான் கலந்திருக்கும் ஆபத்து தெரிந்தும் கூட்டம் மொய்ப்பது அதனால்தான்.

வேரோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். தண்டு மண்ணுக்குள் கரையான் கூடுவரை வேர்போல நீண்டிருக்கும், குடை நடுவே கூர்முனை. அடியை வெட்டிக் குவித்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். தண்டில் வளையம், குடைக்கடியில் பச்சைச் சாயல் இருந்தால் அது வேறு ரகம்; சில மணி நேரத்தில் குடலைப் புரட்டும். இளசில் அந்தப் பச்சை தெரியாது, அதுதான் வம்பு.

விஷம் கண்டுபிடிக்கும் மஞ்சள், பூண்டு, வெள்ளிக்கரண்டி சோதனையெல்லாம் சும்மா. வேறு சில காளான்களில் உள்ள உயிர்க்கொல்லி நஞ்சான அமடாக்சின் கொதித்தாலும் போகாது. அதில் வாந்தி தொடங்கவே பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேலாகும், அடுத்து கல்லீரல் கெடும்.

வேரடி மண்ணைக் கத்தியால் சுரண்டிவிட்டுக் கழுவுங்கள். அன்றே சமைக்கவேண்டும்.