சின்னப் பிள்ளைகளோடு பாசிக்குடா: வீதியோர விடுதி எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறது பாசிக்குடாக் கடற்கரை. குடாவைச் சுற்றியிருக்கும் பெரிய ஹோட்டல்களை விட்டுவிட்டு, வீதியோரத்தில் ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் றூம் எடுத்தோம். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டு. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்தைவிட நேரத்துக்குச் சாப்பாடுதான் முக்கியம்.

அந்த விஷயத்தில் இந்த விடுதிக்கு முழுப் புள்ளிகளும் கொடுக்கலாம். காலையில் இடியப்பமும் பால் சொதியும், சம்பல் தனிக் கோப்பையில். மட்டக்களப்பு மீன் குழம்பின் உறைப்பு பெரியவர்களுக்கே கண்ணில் தண்ணீர் வரவைக்கும். நான் கேட்க முன்னமே சமைக்கிற அம்மா, "பிள்ளையளுக்கு வேற சட்டியில வெச்சிருக்கன் மகள்" என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டித் தயிரும் பாணியும் வரும். எருமைத் தயிர், கரண்டியைக் குத்தினால் நிற்கும். வீட்டில் சோற்றைக் கண்டால் ஓடுகிற மகள் அதற்கு மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

குறைகளும் உண்டு. வெளியில் கால் கழுவ ஒரு பைப் இல்லை. கடற்கரை மண் முழுவதும் குளியலறைக்குள் வந்து, தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்டது. தொட்டில் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் நிலத்தில் போடும் மெத்தை. குழாய்த் தண்ணீர் உவர்ப்பு, பால் மா கரைக்கப் போத்தல் தண்ணீர்தான் வாங்க வேண்டும்.

கடலைப் பற்றிச் சொன்னால், மே முதல் செப்டம்பர் வரை இங்கே அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. என் கணவர் சின்னப் புள்ளியாகத் தெரியும் தூரம் வரை நடந்து போனார், அங்கேயும் இடுப்பளவு தண்ணீர்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் கசூரினாக் கடற்கரையும் ஆழமில்லாததுதான், ஆனால் தண்ணீரின் தெளிவில் பாசிக்குடா ஒரு படி மேல். (நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டும். தட்டட்டும்.) பக்கத்துக் கல்குடாக் கரை அழகு, ஆனால் அது திறந்த கடல். அங்கே மணல் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்கழி மழைக்காலத்தில் இந்தப் பக்கமே வேண்டாம்.

கிழக்குக் கரை என்பதால் ஆறு மணிக்கே வெளிச்சம். எப்படியும் பிள்ளைகள் அந்த நேரத்துக்கு எழும்பிவிடுவார்கள், அப்படியே கடலுக்குக் கூட்டிப் போய்விடலாம். ஒன்பதரைக்குப் பிறகு மணல் காலைச் சுடும், கரையில் நிழலும் குறைவு. திரும்ப நாலு மணிக்குப் போனால் போதும். போயா (பௌர்ணமி) லீவு நாட்களில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், பாட்டுச் சத்தத்தில் பிள்ளைகள் பகலில் நித்திரை கொள்ள மாட்டார்கள்.

கொழும்பிலிருந்து வருபவர்கள் மட்டக்களப்பு ரயிலில் வாழைச்சேனையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். இங்கே தங்குவதென்றால் பின்பக்க றூமைக் கேளுங்கள். வீதிச் சத்தம் இல்லை, சமையலறையும் பக்கத்தில், இரவு பால் மாவுக்குச் சுடுதண்ணீர் கேட்க வசதி.