உப்புத்தண்ணி ஊருக்கு வீட்டு ஆர்.ஓ. மெஷின் சரிப்படுமா?

மண்டபம், தேவிபட்டினம் போன்ற கடலோரத்தில் போர்வெல் தண்ணிக்கு 75 ஜிபிடி (நாளைக்கு 75 கேலன்) மெம்ப்ரேன், அதாவது உப்பைப் பிரிக்கும் சவ்வு, உள்ள மெஷின் வாங்குமுன் தண்ணியில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்துவிடுங்கள். 2000-ஐத் தாண்டினால் வீட்டு மெம்ப்ரேன் தாங்காது. 500-க்குள் என்றால் ஆர்.ஓ.வே வேண்டாம்.

மெஷின் தரும் தண்ணீரில் குறையில்லை. தலைவலி சர்வீஸ்தான். மெஷினை நாள் முழுக்கப் புழங்குவது வீட்டுப் பெண்கள்; கம்பெனியில் பதிந்த நம்பரோ கடலிலோ துபாயிலோ இருக்கும் வீட்டுக்காரருடையது. ஓடிபி அங்கே போகும், புகார் இங்கே கிடக்கும். சர்வீஸுக்கு வருகிறவரும் "ஆம்பளையாளு இல்லையாக்கா?" என்பார். மாட்டும் அன்றே அக்காவின் நம்பரைப் பதியச் சொல்லுங்கள்.

பாதி வேலைக்கு ஆளே தேவையில்லை. வெளியே தொங்கும் ஃபில்டர் பழுப்பேறினால் பிளக்கைப் பிடுங்கி, வால்வை மூடி, கூடவே வரும் ஸ்பேனரால் கிண்ணத்தைக் கழற்றிப் புதுசு போடலாம். கிண்ண விளிம்பில் ஒழுகினால் ரப்பர் வளையம் விலகியிருக்கும். துடைத்து, பள்ளத்தில் சரியாக உட்கார வையுங்கள். அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவது வீண்.

தண்ணீர் நூலாக வந்ததும் மெம்ப்ரேனை மாற்றச் சொல்வார்கள். முதலில் இந்த ஃபில்டரைப் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீருக்கு 1500, வெளியே வருவதற்கு 150 என்று மீட்டர் காட்டினால் மெம்ப்ரேன் நன்றாகவே உப்பைப் பிரிக்கிறது. கடல்காற்று படும் ஜன்னலோரம் மட்டும் மாட்டாதீர்கள், பம்ப்பின் கரண்ட் பின்னில் பச்சைக் களிம்பு பூக்கும்.