ஹெட்ஜ் டிரிம்மர் வாங்கும் முன் பல் இடைவெளியை அளந்து பாருங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு உயிர்வேலிகள். முன்பக்கம் டுராண்டா, மெல்லிய தண்டு, மாதம் ஒருமுறை மேலாகச் சீவிவிட்டால் போதும். பின்பக்கம் வருடக்கணக்கில் யாரும் கவாத்து செய்யாத காகிதப்பூ. கட்டைவிரல் பருமனுக்கு முற்றிய கிளைகள், முள் வேறு.

இதையெல்லாம் கடையில் விளக்கமாகத்தான் சொன்னேன். "எல்லா வேலிக்கும் இது ஒன்றே போதும் சார்" என்று வேலி சீவும் ஒரு பேட்டரி டிரிம்மரைக் கையில் கொடுத்தார் விற்பனையாளர். பெட்டியில் பல் இடைவெளி 20 மில்லிமீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இளம் பச்சைக் குச்சி ஒன்றை வெட்டியும் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

டுராண்டா அரை மணியில் முடிந்தது, அதில் குறையே இல்லை. காகிதப்பூவில் மூன்றாவது கிளையிலேயே பிளேடு கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றி, கிளையைக் கைரம்பத்தால் அறுத்துத்தான் மெஷினை விடுவித்தேன். நாலைந்து முறை இப்படியே ஆனதும் சந்தேகம் வந்து ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு பல்லின் நுனியிலிருந்து அடுத்த பல்லின் நுனி வரை 20. நடுவில் கிளை நுழையும் சந்து வெறும் 16! நுழையவே முடியாத கிளையை எங்கே வெட்டுவது?

திருப்பிக் கொடுக்கப் போனால், "தடித்த கிளையில் விட்டது உங்கள் தப்பு" என்றார். எல்லா வேலிக்கும் போதும் என்று சொன்ன அதே மனிதர்! பில்லில் மாடல் எண் மட்டும்தான், அவர் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. பிளேடு சேதம் வாரண்டியில் வராதாம்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. பக்கத்திலிருந்த 18 வோல்ட் மெஷினைக் காட்டி, "அது 18, உங்களுடையது 20 வோல்ட், பவர் ஜாஸ்தி" என்றிருந்தார். இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள். முழு சார்ஜில் கூட்டினால் 20 சொச்சம், செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் வீதம் போட்டால் 18. பார்க்க வேண்டியது பேட்டரியில் எத்தனை ஆம்பியர்-ஹவர், அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை.

கடைசியில் நண்பரிடம் பெட்ரோல் டிரிம்மர் இரவல் வாங்கினேன். பல் இடைவெளி 30 மில்லிமீட்டருக்கும் மேல், அதே கிளைகளை முனகாமல் வெட்டியது. ஆனால் ஐந்து கிலோவுக்கு மேல் எடை, எண்ணெய் கலந்த பெட்ரோல், காதைப் பிளக்கும் சத்தம். தோள்வலி போக இரண்டு நாள் ஆயிற்று. டுராண்டாவுக்கு இதைத் தூக்குவது வீண் வேலை, அதற்கு 15 முதல் 20 வரை இடைவெளியுள்ள லேசான மெஷின்தான் சரி.

கடைக்குப் போகும்போது உங்கள் வேலியிலேயே தடித்த கிளையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். அணைத்து, பேட்டரி கழற்றிய மெஷினின் பற்களுக்கு நடுவே அதை வைத்துப் பாருங்கள். தாராளமாக நுழையாவிட்டால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வாங்காதீர்கள்.